சென்னை ஆலயங்களைக் காணச் செல்லும் குழுவினருக்கு

சேர்வராயன் மலைமேல், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஏற்காட்டில் தியானக் கூடுகைக்கெனச் சேர்ந்து வரும் ஊழியரும் இறையியல் மாணாக்கரும், கூடுகை முடிந்தபின் சென்னைக்குச் சென்று அங்குள்ள பழம்பெரும் ஆலயங்களைக் கண்டு வர விரும்புவது நன்றே. 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சேலத்திற்கு இறங்கினால், ஈரோட்டிலிருந்து சென்னை சென்ட்ரலுக்குச் செல்லும் இரவு வண்டி கிடைக்கும். அவ்வண்டிக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்றே பெயர். மலைமேல் மட்டும் அது ஏறுவதில்லை. விடியுமுன் சென்னையில் இறங்கி, மறு இரவு அதே வண்டியில் திரும்பிவிடலாம்.

ஆனால் எதைக் காணப் போகிறோம் என்று புறப்படுமுன் தீர்மானித்துக்கொள்ளாத குழு, கடற்கரையையும் கடைத்தெருவையும் கண்டு களைத்துத் திரும்பும். சேப்பாக்கத்து மாளிகை, செனட் மண்டபம், 1892-இல் முடிக்கப்பட்ட உயர்நீதிமன்றம் ஆகிய யாவும் காணத்தக்கவையே. எனினும் ஒரே நாளில் அனைத்தையும் பார்க்க முற்படுவது, மூன்று பிரசங்கங்களை ஒரே மூச்சில் கேட்பதற்கொப்பாகும். நாம் மூன்று ஆலயங்களை மட்டுமே இங்கு முன்வைக்கிறோம். குருவானவர் ஒருவர் தம் ஊழியக் காலத்தில் ஓர் ஆலயத்தையாவது கட்டவோ, புதுப்பிக்கவோ நேரிடும். ஏழை மக்களின் காணிக்கையை அவர் எவ்வாறு செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாற்றுகிறார் என்பது சிறிய காரியமன்று. கட்டி முடித்த சுவர் இரண்டு தலைமுறையினரின் ஆராதனையைத் தன் போக்கிற்கு இழுத்துவிடும்.

முதலாவது, ஜார்ஜ் கோட்டையினுள் உள்ள தூய மரியாள் ஆலயம். 1678-இல் தொடங்கி 1680 அக்டோபரில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பீரங்கிக் குண்டுக்கு அஞ்சிக் கட்டப்பட்ட ஆலயம் இது. சுவர்கள் ஏறத்தாழ நான்கடி கனமுள்ளவை. கூரையோ மரம் சேராமல் வளைத்துக் கட்டிய செங்கல். உள்ளே நின்று மேலே நோக்கினால், ஜெபவீட்டைவிட ஒரு கிடங்கின் நினைவே முதலில் எழும். அதைக் குறை என்று சொல்வதற்கில்லை. முற்றுகைக் காலத்தில் மக்கள் பிழைத்திருக்க வேண்டுமென்பதும் கட்டியவர்களின் கவலையாயிருந்தது. ஆலயத்தைச் சுற்றித் தரையில் பாவப்பட்டிருப்பவை கல்லறைக் கற்கள். 1758-59 ஆண்டுகளின் பிரெஞ்சு முற்றுகையில், கோட்டைக்கு வெளியேயிருந்த இடுகாட்டுச் சமாதிகள் எதிரிக்கு மறைவிடமாகப் பயன்பட்டபடியால், பிற்பாடு அவை அகற்றப்பட்டு, கற்கள் இங்கு கொண்டுவரப்பட்டன. மரித்தோரின் பெயர்களை மிதித்தே உள்ளே போகவேண்டியிருக்கிறது. உட்புறத்தில் கம்பெனியார் செலவில் வைக்கப்பட்ட சுவார்ட்ஸ் ஐயரின் நினைவுச் சின்னத்தைத் தேடிக் காண்க. தஞ்சையில் அவருக்கு மற்றொன்றை எழுப்பியவர் சரபோஜி மன்னர். ஒரே ஊழியரை அரசரும் வணிகரும் தத்தமக்கு உரியவராக்கிக் கொண்டனர் என்பது மாணாக்கர் விவாதிக்கத்தக்க பொருள். கோட்டை இன்று தலைமைச் செயலகமும் படையினரும் உள்ள இடமாதலால், அடையாள அட்டையின்றிச் செல்லலாகாது.

இரண்டாவது, தூய ஜார்ஜ் பேராலயம். 1816-இல் பேராயர் மிடில்டன் இதைப் பிரதிஷ்டை செய்தார். லண்டனில் கிப்ஸ் என்பவர் கட்டிய தூய மார்ட்டின் ஆலயத்தின் சாயல் இதற்குண்டு. முகப்பில் தூண் வரிசை, அதன்மேல் கூர்ங்கோபுரம். சிப்பிச் சுண்ணாம்பை அரைத்து மெருகேற்றிய சென்னைச் சாந்தினால் தூண்கள் பளிங்கெனத் தோன்றுவதை உற்று நோக்கவேண்டும். வடிவம் அந்நிய நாட்டினது. பளபளப்போ நம் கொத்தர்களின் கைவண்ணம். அவர்களில் ஒருவர் பெயரும் சுவரில் இல்லை. தளபதிகளுடையதும் அதிகாரிகளுடையதும் நிறைய உள்ளன. ஆயினும் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது இந்தக் கூரையின் கீழேதான். ஆங்கிலிக்கரும், மெதடிஸ்தரும், பிரஸ்பிட்டேரிய, கொங்கிரிகேஷனல் மரபினரை ஏற்கெனவே உள்ளடக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும் அன்று ஒன்றாயினர். லண்டன் மிஷனார் ஊன்றிய சேலத்துச் சபைகளும் இவ்வைக்கியத்தினுள் வந்தவையே. ஆகவே ஏற்காட்டிலிருந்து வருவோர்க்கு இது அந்நியர் வீடன்று. குழுவினர் பலிபீடத்திற்கும் கடைசி இருக்கைக்கும் இடையே உள்ள தூரத்தை அடியளந்து குறித்துக்கொள்ளட்டும்.

மூன்றாவதை நாம் வேண்டுமென்றே கடைசியில் வைத்தோம். எழும்பூரிலுள்ள தூய அந்திரேயா ஆலயம், ஸ்காட்லாந்துச் சபையாருக்காக 1818-இல் தொடங்கப்பெற்று 1821-இல் திறக்கப்பட்டது. கட்டியவர் டி ஹாவிலாண்டு என்னும் இராணுவப் பொறியாளர். அவ்விடம் ஈரக் களிமண் நிலம். கனத்த கட்டடத்தைத் தாங்காது. அவர் நம் நாட்டு முறையையே கைக்கொண்டு, கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் அடித்தளமிட்டார். கூரைக்கு மரம் இட்டால் செல்லரிக்கும் என்பதால், செங்கல் சாந்தினாலேயே விதானக் கவிகையை எழுப்பி, 16 தூண்களின்மேல் நிறுத்தினார். கவிகையின் உட்புறம் நீலம் தீட்டி விண்மீன்கள் வரையப்பட்டுள்ளது. இரு நூற்றாண்டுகள் கடந்தும் அது நிற்கிறது.

இங்கே கவனிக்கவேண்டியது வட்டம். நீண்ட மண்டபத்தில் சபையார் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்திருப்பர். வட்டத்திலோ ஒருவர் முகத்தை ஒருவர் காண்கின்றனர். வசனம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே தொலைவில் நிற்கிறது. பிரசங்கத்தை ஆராதனையின் நடுவாகக் கொண்ட சீர்திருத்த மரபுக்கு இவ்வடிவம் பொருத்தமானதே. ஆனால் கவிகை ஓசையைத் திருப்பியனுப்பும் இயல்புடையது. சபை அலுவலர் அனுமதித்தால், ஒலிபெருக்கியின்றி ஒரு மாணாக்கரைத் திருமறைப் பகுதியொன்றை வாசிக்கச் செய்து, மற்றவர் வெவ்வேறிடங்களில் நின்று கேட்கட்டும். வேகமாக வாசிப்பதும் நிறுத்தி வாசிப்பதும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது வகுப்பறையில் விளங்காது.

இம்மூன்றும் ஆங்கிலம் வழங்கிய சபைகளுக்காக எழுந்தவை என்பதை மறத்தலாகாது. தமிழ்ச் சபையார் எங்கே கூடினர் என்று அறிய விரும்பினால் இன்னொரு நாள் தங்கி, வேப்பேரி, சிந்தாதிரிப்பேட்டைப் பகுதிகளுக்குச் செல்லவேண்டும். நமது கருத்தில் அந்த இரண்டாம் நாளைக் கைவிடுவது தவறு.

காலத்தைப் பொறுத்தமட்டில், ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் சிறந்தவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மே மாதத்தில் மலைக்குளிரிலிருந்து நேரே சென்னை வெயிலில் இறங்குவது உடலுக்குத் தண்டனை. ஞாயிறன்று ஆராதனை வேளைகளில் சுற்றிப் பார்க்கச் செல்லாமல், ஆராதிக்கவே செல்க. மூன்று சபைகளின் ஆயர்களுக்கும் இரண்டு வாரங்களுக்கு முன்பே கடிதம் எழுதிவிடவேண்டும். அளவு நாடாவும் குறிப்பேடும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும். புகைப்படம் எடுப்பதற்கு அவ்வவ்விடத்தில் கேட்டுக்கொள்க. எழும்பூரிலிருந்து சென்ட்ரல் நிலையம் அருகிலேயே உள்ளபடியால், கடைசி ஆலயத்தில் மாலைவரை அமர்ந்திருந்தாலும் திரும்பும் வண்டி தவறாது.