உப்புக் காற்றில் அழியும் படங்கள்

ஒரு சிடியை எந்தப் பக்கம் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். கீறல் விழுந்த சிடிக்குப் பற்பசை தடவியதும், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்ததும், பனியனில் தேய்த்து மறுபடி பிளேயருக்குள் தள்ளியதும் அந்தப் பக்கத்தை நம்பித்தான். உண்மையான ஆபத்து இருப்பது பெயர் எழுதிய மேல்பக்கத்தில். படத்தைத் தாங்கும் அலுமினியப் பூச்சு மேல்பக்கத்தின் அச்சுக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றின் காவலில் மட்டும் இருக்கிறது. அடிப்பக்கத்திலோ ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமான கனத்தில் பிளாஸ்டிக் உண்டு. அங்கே விழும் கீறலைப் பல நேரம் சரிசெய்துவிடலாம். மேலே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதினாலே பூச்சு சிதையக்கூடும். ஈரக்காற்று விளிம்பு வழியாக நுழைந்துவிட்டால் அலுமினியம் மெல்ல அரித்துப்போகும். அதன்பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

ஈரத்தோடு உப்பும் சேர்ந்த காற்று வீசும் ஊர் வாலிநோக்கம். ஏர்வாடி தர்காவைத் தாண்டித் தென்மேற்கே, மன்னார் வளைகுடாவை ஒட்டி, கடலாடி வட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் இந்தக் கரையில்தான். மீன்பிடிப்பு, உப்பளம், வெளிநாட்டு வேலை இந்த மூன்றையும் நம்பிப் பிழைக்கும் கடற்கரை இது. ஜன்னல் கம்பியையும் சைக்கிள் செயினையும் தின்கிற காற்று, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்த கல்யாண சிடியை விட்டுவைக்குமா?

எங்கள் வீட்டுக் கல்யாண சிடி ஒன்றை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் ஊசியால் குத்தியதுபோல வெளிச்சப் புள்ளிகள். ஸ்டூடியோக்காரர் ஒட்டிக் கொடுத்த மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர் ஒரு பக்கம் பிரிந்திருந்தது. பிரிந்த இடத்தில் பூச்சும் ஸ்டிக்கரோடு சேர்ந்து வந்துவிட்டது. அதற்குக் கீழே வெறும் கண்ணாடிபோல ஒரு திட்டு. அந்தத் திட்டில் இருந்தது பெண் அழைப்பா, பந்தியா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

டிஸ்க்கின் முடிவைப் பற்றி உலகம் பேசும்போது வணிகத்தைத்தான் பேசுகிறது. தபாலில் டிவிடி வாடகைக்கு அனுப்பித் தொழில் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பர் 29-இல் கடைசி டிவிடியை அனுப்பிவிட்டு அந்தப் பிரிவை மூடியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகள் படங்களின் டிஸ்க் விற்பனையைக் கைவிட்டன. சாம்சங் 2019-லேயே அங்கே புதிய புளூரே பிளேயர்களை நிறுத்திவிட்டது. இவை பெரிய செய்திகள்தான். நம் கரையில் டிஸ்க் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது. ஓய்ந்த விதமும் வேறு.

விசிடி என்ற வடிவத்துக்கு 1993-இல் பிலிப்ஸ், சோனி, மாட்சுஷிட்டா, ஜேவிசி நிறுவனங்கள் சேர்ந்து தரம் வகுத்தன. ஒரு சிடியில் 74 நிமிடம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு சிடியோ மூன்று சிடியோ தேவைப்பட்டன. படத்தின் விறுவிறுப்பான இடத்தில் திரை கறுத்துப்போக, யாராவது எழுந்துபோய் “ரெண்டாவது சிடி” போட்டார்கள். மேற்கு நாடுகள் விசிடியைக் கண்டுகொள்ளாமல் டிவிடிக்குத் தாவின. ஆசியா அதைக் கைவிடவில்லை. வீடியோ டெக்கைவிட மலிவான பிளேயர், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் நாடா இல்லை, கேசட்டைவிடக் குறைந்த எடை. போதாதா?

படம் பார்க்க ராமநாதபுரம் போய், கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவர வேண்டிய ஊர்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது. அதற்கு முந்தைய காலத்தில் வளைகுடா நாடுகளிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த டெக் இருந்த வீட்டில்தான் தெருவே கூடும். இல்லையென்றால் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம். பிறகு சிடி பிளேயர் வந்தது. 2006-க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மீன்பிடித் தடைக்காலம் அப்போது 45 நாள், இப்போது 61. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் சிடிகள் வீடு வீடாகக் கைமாறும். நடுவில் கரண்ட் போய் வந்தால் படம் பழையபடி முதலிலிருந்து தொடங்கும். ரிமோட்டில் ஓட்டி ஓட்டி விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும்.

அந்த சிடிகளில் பெரும்பாலானவை திருட்டு சிடிகள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. படம் வெளியான வாரத்திலேயே ‘தியேட்டர் பிரிண்ட்’ வந்துவிடும். முன்வரிசையில் எழுந்து போகிறவரின் தலை தெரியும். விசில் சத்தம் கேட்கும். கொஞ்ச நாளில் ‘ஒரிஜினல் பிரிண்ட்’ வந்துவிட்டதா என்று கடையில் கேட்பார்கள். 2004-இல் தமிழ்நாடு அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, திருட்டு வீடியோ தொழில் செய்பவர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுபவருக்கு உள்ள அதே சட்டம். தயாரிப்பாளர்கள் பட்ட நஷ்டம் உண்மை. அந்தக் கோபம் நியாயம்.

அந்தக் கோபத்தில் நம் சினிமாத் தொழில் செய்த தவறு ஒன்று உண்டு. திருட்டு சிடியை எதிர்த்த வேகத்தில், நல்ல சிடியையும் அது நம்பவில்லை. படம் தியேட்டரைவிட்டுப் போய் மாதங்கள் கழித்து, ஏன், பல படங்களுக்கு எப்போதுமே, முறையான டிவிடி உள்ளூர்க் கடைக்கு வரவில்லை. லண்டனிலும் டொரண்டோவிலும் இருந்த தமிழர்களுக்கு ஐங்கரன் நிறுவனத்தின் டிவிடிகள் சப்டைட்டிலோடு கிடைத்தன. ராமநாதபுரம் கடைவீதியில் கிடைத்தவை ஒரே டிஸ்க்கில் ஐந்து படங்களை நெருக்கித் திணித்த கள்ளப் பிரதிகள்.

முறையாக விற்றாலும் மக்கள் வாங்குவார்கள் என்று காட்டியது மோசர் பேயர். டெல்லியை அடுத்த நொய்டாவில் வெற்று சிடிகளைத் தயாரித்துவந்த இந்த நிறுவனம், 2007 வாக்கில் படங்களின் உரிமையை வாங்கி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. திருட்டு சிடியின் விலை! பெட்டிக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் நேர்மையான பிரதி கைக்கு எட்டியது. பழைய தமிழ்ப் படங்கள் பலவற்றை ஒரு தலைமுறை முதன்முறையாகச் சொந்தமாக வைத்துக்கொண்டது அப்போதுதான். அந்த நிறுவனம் ‘பூ’ போன்ற நல்ல தமிழ்ப் படங்களின் தயாரிப்பிலும் பங்கேற்றது. ஆனால் வெற்று சிடிக்கான சந்தை பென் டிரைவின் வரவால் சரிந்தது. சூரிய மின்தகட்டுத் தொழிலில் போட்ட பணம் திரும்பவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. 2018-இல் நிறுவனத்தைக் கலைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

இயக்குநர் சேரன் 2015-இல் எடுத்த முயற்சியை இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது. ‘சினிமா டு ஹோம்’ என்ற திட்டத்தில், தன் ‘ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை 50 ரூபாய் டிவிடியாக நேரடியாக வீடுகளுக்கே கொண்டுவந்தார். தியேட்டர் கிடைக்காத சின்னப் படங்களுக்கு அது ஒரு சாலையாக இருந்திருக்கும். தொடர்ந்து நடத்த முடியவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் கமல்ஹாசன் ‘விஸ்வரூபம்’ படத்தை டிடிஹெச் வழியாக வீட்டுக்குத் தர முனைந்தபோதும் தியேட்டர் உரிமையாளர்களின் எதிர்ப்புதான் வென்றது. இவர்கள் இருவரும் தட்டிய கதவைக் கடைசியில் திறந்தவை வெளிநாட்டு நிறுவனங்கள். 2016-இல் நெட்ஃபிளிக்ஸும் அமேசான் பிரைமும் இந்தியாவுக்கு வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைக்கு இறக்கியது. 2020 மே 29-இல் ‘பொன்மகள் வந்தாள்’ தியேட்டரைத் தொடாமலே நேராக ஓடிடிக்குப் போனது. வாடகை சிடிக் கடைகளில் பல அதற்கு வெகுகாலம் முன்பே செல்போன் ரீசார்ஜ் கடைகளாகவும் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகளாகவும் மாறிவிட்டன.

ஓடிடி தந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். படகில் காத்திருக்கும் நேரத்தில் டவுன்லோட் செய்த படத்தை ஒருவர் போனில் பார்க்க முடிகிறது. துபாயில் இருக்கும் மகனும் வாலிநோக்கத்தில் இருக்கும் தாயும் ஒரே நாளில் ஒரே படத்தைப் பார்த்துவிட்டுப் பேசிக்கொள்ள முடிகிறது. தலை மறைக்காத, விசில் கேட்காத படம். ஆனால் மாதச் சந்தா கட்டுவதால் படம் நம்முடையதாகிவிடுவதில்லை. பார்க்கும் அனுமதிதான் நமக்கு. அதை எப்போது திரும்பப் பெறுவது என்பது அவர்கள் கையில்.

‘அன்னபூரணி’ நல்ல உதாரணம். 2023 டிசம்பர் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த படம், மத உணர்வைப் புண்படுத்துகிறது என்ற எதிர்ப்பு எழுந்ததும் 2024 ஜனவரியில் காணாமல் போனது. படத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்தும் இருக்கலாம். காசு கட்டியவர் வீட்டிலிருந்து ஒரே இரவில் அதை எடுத்துக்கொண்டு போக முடிந்தது என்பதைக் கவனியுங்கள். 34 ரூபாய் டிவிடியை அப்படி வந்து எடுத்துப் போக யாராலும் முடியாது. சத்தமில்லாமல் நடப்பது இன்னும் அதிகம்: உரிம ஒப்பந்தம் முடிந்த படங்கள் பட்டியலிலிருந்து உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. 2023-இல் ‘ஓப்பன்ஹைமர்’ படத்தின் டிஸ்க் வெளியானபோது கிறிஸ்டோபர் நோலன் இதைத்தான் எச்சரித்தார். ரசிகர்களை டிஸ்க்கை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கடைகளில் அது தீர்ந்துபோகும் அளவுக்கு விற்றது. நம் தமிழ்ப் படங்களுக்கோ புளூரே வந்ததே அபூர்வம். இன்று வெளியாகும் பெரும்பாலான படங்களுக்கு டிஸ்க் என்ற ஒன்றே கிடையாது.

தொலைப்பதில் நமக்கு முன் அனுபவம் இருக்கிறது. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ நம்மிடம் இல்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படம் ‘கீசக வதம்’ இல்லை. அந்தக் காலத்தில் சேமிக்கும் அறிவும் வசதியும் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த சின்னப் படங்களுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. பிலிம் சுருள் லேபில் கெட்டுப்போய், உரிமை யாரிடம் என்றே தெரியாமல், ஒரு பழைய விசிடியில் மட்டும் உயிரோடு இருக்கும் படங்கள் இருக்கவே செய்யும்.

அவற்றைவிட எனக்குக் கவலை தருவது வீட்டு சிடிகள். நிக்காஹ், பூப்புனித நீராட்டு விழா, காதுகுத்து, சர்ச் திருமணம், குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம். மாப்பிள்ளையின் அண்ணன் சவூதியில் இருப்பான், லீவு கிடைத்திருக்காது. அவன் பார்க்கட்டும் என்று ஒரு பிரதி கூடுதலாகப் போட்டு, ஊரிலிருந்து போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். மவுத்தாகிவிட்ட வாப்பா நடந்து வருவதையும், யாரையோ சாப்பிடச் சொல்லி அதட்டுவதையும் அந்த ஒரு சிடியில் மட்டும்தான் பார்க்க முடியும் என்ற நிலை எத்தனையோ வீடுகளில் உண்டு. இவை கடையில் விற்ற சிடிகளைவிட வேகமாகக் கெடும். ஆலையில் அச்சாகும் சிடியில் படம் பிளாஸ்டிக்கிலேயே குழிகளாகப் பதிந்திருக்கும். ஸ்டூடியோவில் எழுதிய சிடியில் அது ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. வெயிலும் வெக்கையும் அந்தச் சாயத்தை மங்கவைக்கும். படம் பிடித்த நாடாவிலோ அடுத்த கல்யாணத்தை எடுத்திருப்பார்கள். ஸ்டூடியோவே இன்று இல்லாமலும் இருக்கலாம்.

செய்ய வேண்டியது சிரமமான வேலை இல்லை. புதிய லேப்டாப்களில் சிடி போடும் இடம் கிடையாது. ஆனால் யூஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் தனியாகக் கிடைக்கிறது; ஒரு தெருவுக்கு ஒன்று போதும். சிடியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். ஸ்டிக்கரைப் பிய்க்கவே கூடாது. விசிடி என்றால் ‘எம்பெக்ஏவி’ என்ற ஃபோல்டரையும், டிவிடி என்றால் ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டரையும் அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். ஓர் அடுக்கு மட்டும் உள்ள சாதாரண டிவிடியில் 4.7 ஜிபிக்கு மேல் இருக்காது. ஒரு டிரைவ் படிக்க மறுத்த சிடியை இன்னொரு டிரைவ் படித்துவிடுவது உண்டு. அதனால் ஒரு முறை தோற்றதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரதி இரண்டு வேண்டும். ஒன்று வீட்டில், மற்றொன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடம்.

வீட்டு சிடியைக் குடும்பம் காப்பாற்றும். படங்களைக் காப்பாற்ற அரசு வர வேண்டும். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் புத்தகம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். யார் வேண்டுமானாலும் அங்கே போய்க் கேட்டுப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் மின்வடிவமாக்கித் தருகிறது. சினிமாவால் இவ்வளவு பெற்ற மாநிலம் படங்களுக்கும் அதே மரியாதையைத் தர வேண்டும். 2023-இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கட்டும். மக்களிடமும் மூடிய கடைகளிலும் கிடக்கும் முறையான விசிடி, டிவிடிகளை அங்கே கேட்டு வாங்கிச் சேர்க்கட்டும். தயாரிப்பாளர்கள், ஓடிடியில் மட்டும் வெளியாகும் படத்திலும் ஒரு பிரதியை அங்கே ஒப்படைக்கட்டும். ராமநாதபுரம் கரையிலிருந்து பஸ் ஏறும் ஒரு மாணவி, தான் பிறப்பதற்கு முன் வந்த படத்தை அங்கே உட்கார்ந்து பார்க்க முடிய வேண்டும். முதலமைச்சரும் பள்ளிக் கல்வித் துறையும் இதை இந்த ஆண்டே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.