நடுங்கும் காடையும் நரம்பிழையும்

ஜப்பானில் வளர்க்கப்பட்ட காடைக் கூட்டம் ஒன்றில் சில பறவைகள் ஓயாமல் நடுங்கின. குளிரால் அல்ல, பிறவிக் கோளாறால். அவற்றின் நரம்பை வெட்டிப் பார்த்தபோது, ஆக்சான் எனப்படும் நரம்பணுவின் நீண்ட வால் வழக்கத்தைவிட மெலிந்திருந்தது. உள்ளே இருக்க வேண்டிய இழைகளைக் காணோம். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து பிசகியதால், இழைக்குரிய புரதம் பாதியிலேயே நின்றுபோயிருந்தது.

அந்த இழையின் பெயர் நியூரோஃபிலமென்ட். நரம்பிழை என்போம். யாழின் தந்தியையும் இலையில் ஓடும் கோட்டையும் நரம்பென்று அழைத்த மொழிக்கு, நரம்புக்குள் இன்னொரு நரம்பு இருப்பது பெரிய புதுமை இல்லை. இதன் தடிமன் 10 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் அகலத்துக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம்.

ஆக்சான் பருத்திருந்தால்தான் மின்துடிப்பு விரைந்து ஓடும். அந்தப் பருமன் இழைகளின் எண்ணிக்கையாலும், அவை விட்டு நிற்கும் இடைவெளியாலும் வருகிறது. ஒன்றோடொன்று ஒட்டாமல் அவற்றை விலக்கி வைத்திருப்பது எது?

பாட்டில் கழுவும் பிரஷ்ஷை நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம்பிதான் இழை, சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்கள் புரத வால்கள். புரதம் என்றால் மடிந்து ஒரு வடிவம் கொண்டால்தான் வேலை செய்யும் என்று பள்ளியில் படித்தோம். இந்த வால்கள் மடிவதே இல்லை. கணத்துக்கொரு வடிவமாக அலைகின்றன. வால்கள் எல்லாம் ஒரே நீளமல்ல; மிக நீண்ட வாலில் ஏறத்தாழ 600 அமினோ அமிலங்கள். அவற்றில் சில நேர் மின்னூட்டம் கொண்டவை, சில எதிர் மின்னூட்டம் கொண்டவை. போதாததற்கு, செல் தன் பங்குக்குப் பாஸ்பேட்டுகளை ஒட்டி எதிர் மின்னூட்டத்தைக் கூட்டுகிறது. ஆக, ஒரே வாலுக்குள் பகையும் உண்டு, உறவும் உண்டு.

இங்கேதான் உப்பு நுழைகிறது. தூய நீரில் இரண்டு மின்னூட்டங்கள் தொலைவிலிருந்தே ஒன்றையொன்று உணரும். உடலில் உள்ள அளவு உப்பு இருந்தால், பொட்டாசியம் போன்ற அயனிகள் சூழ்ந்துகொண்டு அந்த எட்டத்தை 1 நானோமீட்டருக்கும் கீழே குறுக்கிவிடுகின்றன. சந்தை இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சு மட்டும் காதில் விழுவதுபோல. வால்கள் மின்விலக்கத்தால் விறைத்து நின்றால், உப்பு அவற்றைத் தளர்த்திக் குறுக்கும். ஈர்ப்பால் சுருண்டு கிடந்தால், அதே உப்பு அவிழ்த்துவிடும். வெள்ளரிக்காயில் உப்பைத் தூவினால் நீர் விட்டுத் துவளும் என்ற சமையலறை அனுபவம் இங்கே கைகொடுக்காது.

கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாட்டின் தண்டுவடத்திலிருந்து இவ்விழைகளைப் பிரித்தெடுத்து, ஜெல்லி போன்ற கூழாக்கி, சவ்வூடுபரவல் அழுத்தத்தால் நீரைப் பிழிந்தார்கள். எக்ஸ் கதிர்களைச் செலுத்தி இழைகளின் இடைவெளியை அளந்தார்கள். 2010இல் வெளியான முடிவு வியப்பானது: அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினாலும், ஒரு கட்டத்தில் கூழ் சட்டென்று ஒடுங்கிவிட்டது. அதுவரை வால்கள் எதிர்த்துத் தாங்கின. நெருக்கம் மிஞ்சியதும், நாயுருவி விதை துணியைப் பற்றுவதுபோல ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. ஒவ்வொரு பிடியும் மிகச் சிறியது, ஆனால் பிடிகள் எண்ணற்றவை.

அப்படியானால் மிக நீண்ட வால்தான் அதிக இடம் பிடிக்கும் என்று யாருக்கும் தோன்றும். எலிகளில் அந்த வாலை நீக்கிப் பார்த்தார்கள். ஆக்சான் பெரிதாக மெலியவில்லை. நடுத்தர நீளமுள்ள வாலை நீக்கியபோதுதான் மெலிந்தது. எனக்குப் பிடித்த திருப்பம் இது. நீளம் மட்டும் கணக்கல்ல. எந்த மின்னூட்டம் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதும் கணக்கு.

கொழுப்புறை போர்த்திய ஆக்சானில், உறை விட்டுப்போகும் சிறு இடைவெளிகளை ரேன்வியர் கணு என்பார்கள். உறைக்கு அடியில் வால்களில் பாஸ்பேட் நிறைய. இழைகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன, ஆக்சான் பருத்திருக்கிறது. கணுவில் பாஸ்பேட் குறைவு. அதே இழைகள் நெருங்கி வருகின்றன. கரும்பில் கணு புடைத்திருக்கும். இங்கே ஒடுங்கியிருக்கும்.