கணிப்பொறி உளியும் வட்டத்தின் இலக்கணமும்

பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில் நின்று மேலே நோக்குவோர், மரவிதானத்தில் செதுக்கப்பெற்ற 90 வகைப் பூக்களைக் கண்டு வியப்பர். கவராயத்தால் வட்டமிட்டு, உளியால் இதழ் விரித்த தச்சர்களின் கைவண்ணம் அது. அதே குமரி மாவட்டத்தில் இன்று கதவுப் பூவேலையைச் சி.என்.சி. ரௌட்டர் என்னும் இயந்திரமும் செய்கிறது. சுழலும் வெட்டுமுனை ஒன்றைக் கணிப்பொறி தரும் எண்களின்படி நகர்த்தி மரத்தைக் குடையும் கருவி இது. எண்களால் இயந்திரத்தை ஆளும் இம்முறை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1952ஆம் ஆண்டு செய்து காட்டப்பெற்றது.

திரையில் அழகாக விளங்கிய பூவிதழ், மரத்தில் வேறு திசையில் வளைந்து பலகையைப் பாழாக்குவதும் உண்டு. நேர்க்கோடுகள் சரியாக அமைய, வளைவுகள் மட்டும் பிழைக்கும். ஒரு தேக்குப் பலகை வீணாவது சிறு பட்டறைக்குப் பேரிழப்பு. அது யார் பிழை, எங்கே நிகழ்ந்தது என்பதைத் தச்சரே அறிந்துகொள்ள இயலுமா? இயலும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

கண்ணுக்குத் தெரியாத ஊசிமுனை

கவராயத்தின் ஊசிமுனை நழுவினால் வட்டம் கெடும். அதனைத் தச்சர் கண்ணாலேயே காண்பார். இவ்வியந்திரத்திலோ ஊசிமுனை எண்ணாக மறைந்துள்ளது. ஒரு வளைவுக்கான கட்டளை இது:

ஜி03 எக்ஸ்50 ஒய்100 ஐ-50 ஜே0

ஜி03 என்பது இடஞ்சுழியாகச் செல்க என்னும் ஆணை, வலஞ்சுழிக்கு ஜி02. எக்ஸ், ஒய் என்பன வளைவு முடியும் இடம். ஐ, ஜே என்பன வட்ட மையம், அதாவது ஊசிமுனை. வெட்டுமுனை இப்பொழுது (100, 50) என்னும் புள்ளியில் நிற்பதாகக் கொள்வோம். மையத்தைத் தொடக்கப் புள்ளியிலிருந்து அளந்தால், 100இல் 50 குறைந்து, மையம் (50, 50) ஆகும். 50 மில்லிமீட்டர் ஆரமுடைய கால்வட்டம் செவ்வையாக அமையும்.

அதே எண்களைப் பலகையின் பூச்சியப் புள்ளியிலிருந்து அளப்பதாக இயந்திரம் கொண்டால் மையம் (-50, 0) ஆகிவிடும். அங்கிருந்து தொடக்கப் புள்ளி 158.11 மி.மீ. தொலைவிலும், முடிவுப் புள்ளி 141.42 மி.மீ. தொலைவிலும் அமையும். ஒரே வட்டத்திற்கு இரண்டு ஆரங்கள் இருத்தல் இயலாது. சில இயந்திரங்கள் பிழையென்று கூறி நின்றுவிடும். சில, திரை நிறையப் பெரிய வட்டங்களை வரைந்து காட்டும்.

எழுதியவர் கருத்தும் படிப்பவர் கருத்தும் மாறுபட்டமையே இங்குக் குற்றம். நன்னூல் எட்டுவகைப் பொருள்கோள் கூறுகிறது. செய்யுளின் சொற்கள் மாறாதிருப்பினும், கொண்டுகூட்டும் முறை மாறினால் பொருள் மாறும். எண்களுக்கும் இது பொருந்தும். ஜி91.1 என்னும் ஆணை தொடக்கப் புள்ளியிலிருந்தும், ஜி90.1 பூச்சியத்திலிருந்தும் மையத்தை அளக்கச் சொல்லும். மாக்-3 மென்பொருளில் இரண்டனுள் ஒன்றைத் தெரிவு செய்யலாம். ஜி.ஆர்.பி.எல். என்பதோ முன்னதை மட்டுமே ஏற்கும். ஆதலின், வரைபடத்தை இயந்திர மொழியாக மாற்றித்தரும் போஸ்ட் பிராசஸர் என்னும் பகுதி, நம் இயந்திரத்திற்கு உரியதுதானா என்று முதற்கண் பார்த்தல் வேண்டும்.

பிற காரணங்கள்

இரட்டைக் கதவில் ஒரு பலகையின் பூவேலை மற்றதன் கண்ணாடி நிழலாக அமையும். அதற்காக எக்ஸ், ஐ ஆகியவற்றின் குறியை மட்டும் கையால் மாற்றுவோர் உளர். அப்பொழுது மையமும் ஆரமும் சரியாகவே இருக்கும். ஆயினும் ஜி03ஐ ஜி02 ஆக்க மறந்தால், கால்வட்டம் செல்லவேண்டிய முனை முக்கால் வட்டம் சுற்றிப் பலகையைக் கெடுக்கும்.

மையத்தைக் கூறாது, ஆர் என்னும் எழுத்தால் ஆரத்தை மட்டும் கூறும் வழக்கமும் உண்டு. முழுவட்டத்தை இம்முறையில் எழுதலாகாது. தொடக்கமும் முடிவும் ஒன்றாகிவிட, எவ்வட்டம் என்பது துணியப்படாது. அரைவட்டத்தை நெருங்கும் வளைவுகளில் சிறு பதின்மப் பிழையும் மையத்தைப் பெரிதும் நகர்த்தும். படுக்கைத் தளத்தில் வெட்ட ஜி17 என்னும் ஆணை நடப்பில் இருத்தல் வேண்டும். முந்தைய வேலையில் இட்ட ஜி18 நீங்காதிருப்பின் வளைவு செங்குத்துத் தளத்திற்கு மாறும்.

எண்கள் யாவும் சரியாயிருந்தும் வட்டம் கோணினால், அப்பொழுதே இயந்திரத்தை ஐயுற வேண்டும். 100 மி.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றை வெட்டி அளந்து பார்க்கலாம். நீளவாட்டிலும் அகலவாட்டிலும் விட்டம் வேறுபட்டால் அச்சுகளின் அளவுப் பொருத்தம் தவறு. மூலைவாட்டுகள் இரண்டும் தம்முள் வேறுபட்டால் அச்சுகள் செங்கோணத்தில் இல்லை. அச்சு திசை திரும்பும் நான்கு இடங்களில் வட்டம் தட்டையானாலோ படி விழுந்தாலோ திருகிலோ பட்டையிலோ தளர்வு உண்டு.

செய்யத்தக்கன

பிழைத்த வளைவின் வரியைத் தேடி எடுத்து, மையத்திலிருந்து தொடக்கத்திற்கும் முடிவிற்கும் உள்ள தொலைவுகளைக் கணக்கிடுக. எக்ஸ், ஒய் வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காணும் பள்ளிக் கணக்கே இதற்குப் போதும். இரண்டும் ஒத்தால், அடுத்துத் திசையைப் பார்க்க. அதுவும் ஒத்தால் தளத்தைப் பார்க்க. பின்னர் வெட்டுமுனையை உயர்த்தி, மரத்தைத் தீண்டாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்க.

உடனடித் தேவைக்கு வளைவுகளைச் சிறு நேர்க்கோடுகளாக மாற்றியும் வெட்டலாம். 50 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தை 0.01 மி.மீ. பிழைக்குள் அமைக்க, ஏறத்தாழ 2 மி.மீ. நீளமுள்ள 157 கோடுகள் வேண்டும். ஒரு வரியில் முடிவது நூற்றுக்கு மேற்பட்ட வரிகளாகப் பெருகும். நோய்க்கு இது தணிவே அன்றித் தீர்வன்று.

இயந்திரம் வந்ததால் தச்சரின் அறிவு தேவையற்றுப் போயிற்று என்பார் உளர். அது பொருந்தாது. மையம் எங்கே என்று கேட்கும் பழைய அறிவே இங்கும் பலகையைக் காக்கிறது. கவராயம் பிடித்த தந்தையும் கணிப்பொறி கற்ற மகனும் ஒரு வரியை உடனிருந்து படிப்பாராயின், கலையும் தொழிலும் ஒருங்கே வளரும் என்பது உறுதி.