குறைந்து வரும் சில்லு உற்பத்தியாளர்கள்

கைபேசி, ஊர்தி, மருத்துவக் கருவி, வங்கிக் கணிப்பொறி ஆகிய அனைத்தும் இன்று சிலிக்கான் சில்லுகளைச் சார்ந்தே இயங்குகின்றன. ஒரு பொருளுக்குத் தேவை பெருகினால் அதனை உற்பத்தி செய்வோரும் பெருகுவது பொது இயல்பு. மிக நுண்ணிய சில்லுகளைப் பொறுத்தவரை இதற்கு நேர்மாறான நிலையே காணப்படுகிறது. 2001ஆம் ஆண்டையொட்டி, அன்றைய முன்னணித் தரமான 130 நானோமீட்டர் சில்லுகளை உருவாக்கும் ஆற்றல் 20க்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் இருந்தது. இன்று முன்னணித் தரத்தில் எஞ்சியிருப்பவை தைவானின் டி.எஸ்.எம்.சி., தென்கொரியாவின் சாம்சங், அமெரிக்காவின் இன்டெல் ஆகிய 3 நிறுவனங்களே.

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்காகும். தொடக்கத்தில் இவ்வளவு சில்லிலுள்ள டிரான்சிஸ்டரின் ஒரு பகுதியை நேரடியாகக் குறித்தது. இப்போது தொழில்நுட்பத் தலைமுறையின் பெயராக மட்டுமே வழங்குகிறது. எண் குறையக் குறைய, அதே பரப்பில் மிகுதியான டிரான்சிஸ்டர்கள் அடங்கும்; மின்செலவும் குறையும்.

செலவும் தொழில் பிரிவினையும்

டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட கால இடைவெளியில் இருமடங்காகும் என்று கார்டன் மூர் 1965ஆம் ஆண்டில் கணித்தார். அதனுடன் தொழிற்சாலைச் செலவும் பெருகியது. முன்னணித் தரத் தொழிற்சாலை ஒன்றை நிறுவ இன்று ஏறத்தாழ 2,000 கோடி டாலர் தேவைப்படுகிறது. அடுத்த தலைமுறை வருவதற்குள், ஒரு சில ஆண்டுகளிலேயே, இம்முதலீட்டை மீட்டாக வேண்டும். இடையறாது பெருமளவில் வேலை கிடைக்கும் தொழிற்சாலைக்கு மட்டுமே இது இயலும்.

1987ஆம் ஆண்டில் மோரிஸ் சாங் தைவானில் தொடங்கிய டி.எஸ்.எம்.சி. இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டது. அது தன் பெயரில் சில்லுகளை விற்பதில்லை. பிறர் வடிவமைத்தவற்றை உற்பத்தி செய்து தருகிறது. இதனால் வடிவமைப்பு நிறுவனங்களுக்குத் தனித் தொழிற்சாலை தேவையற்றதாயிற்று. பலருடைய வேலையும் ஓரிடத்தில் குவிந்தது. அனுபவம் வளர்ந்து பழுதான சில்லுகளின் விகிதம் குறைந்தது. அதனால் மேலும் வேலை குவிந்தது.

போட்டியாளர்கள் ஒவ்வொருவராக விலகினர். ஏ.எம்.டி. நிறுவனம் 2009ஆம் ஆண்டில் தன் தொழிற்சாலைகளைப் பிரித்தது. அவை குளோபல் பவுண்டரீஸ் என்னும் நிறுவனமாயின. ஐ.பி.எம். தன் சில்லுத் தொழிற்சாலைகளை அந்நிறுவனத்திடம் ஒப்படைக்க 150 கோடி டாலர் தருவதாக 2014ஆம் ஆண்டில் அறிவித்தது. அதாவது, விற்றவரே பணம் கொடுத்தார். குளோபல் பவுண்டரீஸும் 2018ஆம் ஆண்டில் 7 நானோமீட்டர் முயற்சியைக் கைவிட்டது. இம்முடிவுகள் அந்தந்த நிறுவனத்தின் கணக்குப்படி நியாயமானவையே. ஆயினும் அவற்றின் கூட்டு விளைவு உலகைச் சிலரையே நம்பியிருக்கச் செய்துவிட்டது.

ஒரே ஒரு இயந்திர உற்பத்தியாளர்

இக்குவிப்பு இயந்திரங்களிலும் காணப்படுகிறது. மிக நுண்ணிய கோடுகளைச் சிலிக்கான் தகட்டில் பதிக்க 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக்கதிர் தேவை. வினாடிக்கு 50,000 வெள்ளீயத் துளிகளை லேசர் கதிரால் தாக்கி இவ்வொளி பெறப்படுகிறது. இவ்வியந்திரத்தை விற்பனைக்குத் தயாரிப்பது நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். மட்டுமே. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டினால் சீனாவுக்கு இது கிடைப்பதில்லை. சீனாவின் எஸ்.எம்.ஐ.சி. பழைய வகை இயந்திரங்களைக் கொண்டே 7 நானோமீட்டர் தரத்தை எட்டியுள்ளது; ஆனால் பதிக்கும் படிகள் பெருகுவதால் அம்முறையில் செலவு மிகுகிறது.

2019ஆம் ஆண்டில், 10 நானோமீட்டருக்குக் குறைந்த தருக்கச் சில்லுகளுக்கான உற்பத்தித் திறனில் ஏறத்தாழ 92 விழுக்காடு தைவானில் இருந்தது. அத்தீவு நிலநடுக்கப் பகுதியில் உள்ளது. 1999ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின்போது அங்குச் சில்லுத் தொழிற்சாலைகள் சில நாட்கள் நின்றன. இடர்ப்பாட்டைக் குறைக்க, அமெரிக்கா 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக ஏறத்தாழ 5,270 கோடி டாலர் ஒதுக்கியது. ஜப்பானில் அதே ஆண்டு ராபிடஸ் நிறுவனம் 2 நானோமீட்டர் இலக்குடன் தொடங்கப்பட்டது.

இந்தியாவின் நிலை

இந்தியா இத்துறைக்குப் புதியதன்று. மொகாலியில் அரசு நிறுவிய தொழிற்சாலை 1984ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. 1989ஆம் ஆண்டில் ஏற்பட்ட தீ விபத்து அதனை முடக்கியது. அது மீண்டெழுவதற்குள் உலகத் தொழில்நுட்பம் சில தலைமுறைகள் முன்னேறிவிட்டது. இன்று அது 180 நானோமீட்டர் தரத்தில் விண்வெளித் துறைக்குரிய சில்லுகளைத் தயாரிக்கிறது.

மத்திய அரசு 2021ஆம் ஆண்டு டிசம்பரில் இத்துறைக்கு ரூ.76,000 கோடி ஊக்கத் திட்டத்தை ஏற்றது. குஜராத்தின் தோலேராவில் டாடா நிறுவனம் தைவானின் பி.எஸ்.எம்.சி.யுடன் இணைந்து ரூ.91,000 கோடியில் அமைக்கும் தொழிற்சாலைக்கு 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒப்புதல் வழங்கப்பட்டது. மாதம் 50,000 தகடுகள் வரை தயாரிக்கும் திறன் கொண்ட இத்தொழிற்சாலையின் முதன்மைத் தரம் 28 நானோமீட்டராகும்.

இது முன்னணித் தரம் அன்று. எனினும் பொருத்தமான தேர்வு. 2021ஆம் ஆண்டின் பற்றாக்குறையில் உலகெங்கும் ஊர்தித் தொழிற்சாலைகளை நிறுத்தியவை பெரும்பாலும் இத்தகைய முதிர்ந்த தரச் சில்லுகளே. மூவர் மட்டுமே எஞ்சிய போட்டியில் நேரடியாக நுழைவதைக் காட்டிலும், தேவை உறுதியாக உள்ள தரத்தில் பயிற்சி பெறுவது இயலக்கூடியது. ஆயினும் இயந்திரங்களை வாங்குவதோடு பணி முடிவதில்லை. தடையற்ற மின்சாரம், மிகத் தூய நீர், தேர்ந்த பொறியாளர்கள், உள்நாட்டு நிறுவனங்களின் நீண்டகால வேலை உறுதி ஆகியவை இடைவிடாது கிடைத்தாக வேண்டும். இத்துறையில் சில ஆண்டுத் தடையும் எத்துணை விலையுயர்ந்தது என்பதற்கு மொகாலியே சான்று.