"சபூராக இரு" என்று சொல்வதற்கு முன்



ஜூலை 21 இன நல்லிணக்க நாள். 1964-இல் அதே தேதியில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது சிங்கப்பூரில் மூண்ட கலவரத்தை மறக்காமல் இருக்கவே பள்ளிகள் இந்நாளை அனுசரிக்கின்றன. பிள்ளைகள் பாரம்பரிய உடையில் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாளே வகுப்பில், "விளக்கை அணைத்தால் உன்னைக் காணோமே" என்று ஒருவன் சிரிக்கலாம். மலாய்ப் பிள்ளைகள் அதிகமுள்ள மதரஸாவில், "இந்தியனா? அப்புறம் எப்படி முஸ்லிம்?" என்று கேட்கலாம்.

இதைப் பிள்ளை வீட்டில் சொன்னால், "விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான், சபூராக இரு" என்கிறோம். நல்லெண்ணம்தான். ஆனால் பிள்ளை அதை 'இனி இதை இங்கே பேசாதே' என்றுதான் எடுத்துக்கொள்கிறது. பத்து வயதில் வாயை மூடிக்கொண்ட பிள்ளை பதினைந்து வயதில் பெரிதாக ஏதும் நடந்தாலும் நம்மிடம் வராது.

புகாரியில் பதிவான சம்பவம் ஒன்று. அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை, அவருடைய தாய் அரபியர் அல்லாதவர் என்று குத்திக்காட்டி ஏசிவிட்டார்கள். அந்த மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். பொறுத்துக்கொள் என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அபூதரிடம் விசாரித்து, அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறது என்றார்கள். இந்த முதிய வயதிலுமா என்று அவர் கேட்க, ஆம் என்றார்கள். அதோடு, பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையும் உடுத்துவதையுமே அவர்களுக்கும் கொடுங்கள் என்றார்கள். பிற்காலத்தில் அபூதரும் அவருடைய பணியாளரும் ஒரே மாதிரி மேலாடை அணிந்திருந்ததை மக்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே பேச்சு நம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. "பொண்ணு நல்ல கலரா இருக்கணும்" என்று பேசுவதும், கட்டுமானத் தொழிலாளியை "பங்களா" என்று அலட்சியமாகக் குறிப்பிடுவதும், பணிப்பெண்ணுக்குத் தனித் தட்டு வைப்பதும் பிள்ளைகள் கண்முன்தான் நடக்கின்றன. பிறகு நாம் சமத்துவம் பேசினால் அவர்கள் எப்படி நம்புவார்கள்?

பிள்ளை சொல்ல வரும்போது கைபேசியைக் கீழே வையுங்கள். என்ன சொன்னான், யார் சிரித்தார்கள், உனக்கு எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள். தீர்ப்பும் வேண்டாம், அந்த இனத்தாரே இப்படித்தான் என்ற பேச்சும் வேண்டாம். பதின்ம வயதினர் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசக் கூச்சப்படுவார்கள். பேருந்தில் பக்கத்தில் இருக்கும்போது தானாக வரும். பள்ளியில் சொல்லலாமா என்று பிள்ளையிடமே கேளுங்கள். ஆனால் கேலி தொடர்ந்தாலோ, யாராவது கைநீட்டினாலோ, தேதியையும் சொன்ன வார்த்தையையும் அப்படியே எழுதி எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரை உடனே போய்ப் பாருங்கள்.