அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேர்ந்தனவா? தொலைவிலுள்ள கணினியைப் பட்டியலிட்டுப் பார்ப்பது எப்படி

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாகின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றுள் இருந்தன. 2009இல் வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடிய குடும்பங்கள் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பிள்ளைகளின் படங்களையும் வழியிலும் பதுங்குகுழிகளிலும் விட்டு வந்தன. ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எஞ்சியவற்றை இன்று பலர் ஸ்கான் செய்து, வேறு நாடொன்றிலுள்ள சேர்வருக்கு, அதாவது வழங்கிக் கணினிக்கு, அனுப்பி வைக்கிறார்கள். அனுப்பியதோடு கடமை முடிந்தது என்றும் எண்ணுகிறார்கள். ஆனால் இணைப்பு இடையில் அறுந்திருக்கலாம். பாதிக் கோப்பு மட்டும் போயிருக்கலாம். அங்கே என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கும்வரை அது பாதுகாப்பான பிரதி அல்ல.

இதைப் பார்ப்பதற்குக் கட்டளை வரி இலகுவான வழி. எழுத்துகள் மட்டுமே வந்துசேர்வதால் மெதுவான இணைப்பிலும், மிகக் குறைந்த டேட்டாவிலும் ஆயிரக்கணக்கான கோப்புகளின் விபரத்தைப் பார்க்கலாம். பட்டியலிடும் கட்டளை எந்தக் கோப்பையும் மாற்றாது, அழிக்காது. எனவே பயமின்றிப் பழகலாம்.

உள்ளே நுழைதல்

இதற்குப் பயன்படுவது 'எஸ்எஸ்எச்'. பல்கலைக்கழக வலையமைப்பு ஒன்றில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதை அடுத்து, 1995இல் பின்லாந்தைச் சேர்ந்த டாட்டு உலோனென் இதை உருவாக்கினார். இரு கணினிகளுக்கும் இடையே செல்லும் அனைத்தையும் இது மறைகுறியாக்கி அனுப்புகிறது. லினக்ஸ், மக் கணினிகளில் ஏற்கெனவே உள்ளது. 2018 முதல் விண்டோஸ் 10இலும் சேர்ந்தே வருகிறது.

கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். முதலில் 'எஸ்எஸ்எச்', ஓர் இடைவெளி, பின்னர் உங்கள் பயனர் பெயர், '@' குறி, வழங்கியின் முகவரி ஆகியவற்றை இடைவெளியின்றி எழுதி என்டர் விசையை அழுத்துங்கள். முதல் தடவை வழங்கியின் 'கைரேகை' என ஒரு நீண்ட எழுத்துவரிசை திரையில் தோன்றும். வழங்கியைப் பராமரிப்பவரிடம் அதைக் கேட்டு ஒப்பிட்ட பின்னரே சம்மதம் கொடுங்கள். வேறொருவரின் கணினிக்குள் ஏமாந்து நுழையாமல் காப்பது இதுவே.

பட்டியலை வாசித்தல்

உள்ளே சென்றதும் 'எல்எஸ்' என்று தட்டினால் பெயர்கள் மட்டும் வரும். அது போதாது. 'எல்எஸ் -எல்' என்று தட்டினால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி வரும். அதில் அனுமதிகள், உரிமையாளர், அளவு, கடைசியாக மாற்றப்பட்ட நேரம், பெயர் ஆகியன இருக்கும்.

முதலில் அளவைப் பாருங்கள். பெயர் இருந்தும் அளவு 0 என்றிருந்தால் உள்ளே எதுவும் இல்லை. வீட்டுக் கணினியிலுள்ள மூலக்கோப்பின் பைட் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் மீண்டும் அனுப்புங்கள். முழு நிச்சயம் வேண்டுமெனில், இரு பக்கத்திலும் 'ஷா256' கணிப்பைச் செய்து விடைகளை ஒப்பிடலாம். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, வரியின் தொடக்கத்திலுள்ள பத்துக் குறிகளைப் பாருங்கள். முதற்குறி 'டி' என்றிருந்தால் அது கோப்புறை. கடைசி மூன்றும் மற்றவர்களுக்குரிய அனுமதி. அங்கே 'ஆர்' இருந்தால், அதே வழங்கியைப் பயன்படுத்தும் வேறு ஆட்களும் அந்தக் கோப்பைத் திறந்து வாசிக்கக்கூடும். சாட்சியங்கள் வைத்திருப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக்கூடாது. கோப்பின் பெயரும் ஒரு தகவல்தான். சாட்சி சொன்னவரின் பெயரையும் ஊரையும் கோப்புக்கு இடாமல் இலக்கம் மட்டும் இடுங்கள். எந்த இலக்கம் யாருடையது என்ற குறிப்பை வேறிடத்தில் வையுங்கள்.

பட்டியலையும் சேமியுங்கள்

வழங்கிக்குள் நுழையாமலே பட்டியலை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். எஸ்எஸ்எச் வரியின் இறுதியில் 'எல்எஸ் -எல்' என்பதைச் சேர்த்து, அதன்பின் '>' குறியும் ஒரு கோப்புப் பெயரும் இடுங்கள். பட்டியல் உங்கள் கணினியிலேயே சேமிக்கப்படும். எல் உடன் ஆங்கிலப் பெரிய எழுத்து ஆரையும் சேர்த்தால் உட்கோப்புறைகளும் அடங்கும். அடுத்த மாதம் மீண்டும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால், எது காணாமற்போனது, எது சுருங்கியது என்பது தெரிந்துவிடும்.

இந்த வேலையைக் குறைந்தது இருவருக்குப் பழக்கி வையுங்கள். ஒருவர் மட்டுமே அறிந்த கடவுச்சொல்லும் ஒரே பிரதிதான்.