உணவைப் போத்தலில் அடைக்கும் அமுக்கக் கலம்

ஊறுகாய்ச் சாடிக்கு அமுக்கமும் வேண்டாம், நீராவியும் வேண்டாம். தேசிக்காயின் புளிப்பும் உப்புமே அதனைக் காத்துவிடுகின்றன. கொறுக்காயும் உப்பும் சேர்த்து அடுக்கிவைக்கும் ஜாடி மீனின் இரகசியமும் அதுவே. ஆனால், பயற்றங்காயையோ கிழங்கையோ இறைச்சியையோ புளிப்பு எதுவும் சேர்க்காது போத்தலில் அடைத்து, மாதக்கணக்கில் அறையில் வைத்திருக்க விரும்பினால் கதை வேறாகிவிடுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே, லங்காஸ்ரர் என்னும் ஊரில், 2015ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஒரு தேவாலயத்து மக்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடியுண்டனர். விருந்துக்கு வந்த 77 பேரில் 29 பேர் நோயுற்றனர், ஒருவர் மாண்டுபோனார். உருளைக்கிழங்குச் சலாது ஒன்றே காரணம் என்று கண்டனர். அக்கிழங்கு வீட்டிலே போத்தலில் அடைக்கப்பட்டது. அடைத்தவர் அமுக்கக் கலத்தைப் பயன்படுத்தாமல், போத்தல்களைக் கொதிநீரில் அமிழ்த்தி எடுத்திருந்தார். கொதித்த நீரைவிடத் தூய்மை எதற்கு என்று யாருக்கும் தோன்றுவது இயல்பே. தவறு அவ்விடத்திலேதான் நேர்ந்தது.

கிளொஸ்திரிடியம் பொற்றுலினம் என்னும் பற்றீரியா மண்ணில் எங்கும் உண்டு. 1895ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் எலசெல் என்னும் ஊரில் உப்பிட்ட பன்றித்தொடையை உண்டவர்கள் நோயுற்றபோது, வன் ஏமெங்கெம் என்னும் அறிஞர் அதனைப் பிரித்தெடுத்துக் காட்டினார். கடுஞ்சூழலில் அது வித்தி என்னும் உறங்கும் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். இவ்வித்தி 100 பாகைக் கொதிநீரில் மணிக்கணக்கிற் கிடந்தாலும் சாவதில்லை. காற்றும் புளிப்பும் இல்லாத இடத்தில் அது மீண்டும் விழித்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கின்றது. இறுக மூடிய போத்தலைவிட அதற்கு வாய்ப்பான வீடு வேறில்லை. அந்நஞ்சு நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ எப்போதும் தன்னைக் காட்டிக்கொடுப்பதுமில்லை.

உணவின் புளிப்பை அளக்கும் பீ.எச். எண் 4.6க்கு மேற்பட்டால் இவ்வாபத்து உண்டு. மரக்கறி, இறைச்சி, மீன் யாவும் அவ்வகையைச் சேர்ந்தவை. வித்தியைக் கொல்ல 116 பாகை தொடக்கம் 121 பாகை செல்சியசு வரை வெப்பம் வேண்டும். திறந்த பாத்திரத்தில் நீர் அவ்வளவு சூடேறாது. நீராவியை அடைத்து, சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் மேலதிக அமுக்கம் உண்டாக்கினால், கடல்மட்டத்தில் ஏறத்தாழ 116 பாகை கிடைக்கும். 1679ஆம் ஆண்டில் தெனி பப்பின் செய்த நீராவிக் கலமே இதற்கெல்லாம் மூதாதை. 1917ஆம் ஆண்டிலேயே அமெரிக்க விவசாயத் திணைக்களம், புளிப்புக் குறைந்த உணவுக்கு அமுக்க முறை ஒன்றே ஏற்றதென முடிவுசெய்தது.

இனி ஒரு வினா எழும். பருப்பும் இறைச்சியும் வேகவைக்கும் பிறஷர் குக்கர் பல வீடுகளில் இருக்கிறதே, அது போதாதா? போதாது. நூல்களிலே தரப்பட்டுள்ள நேரக்கணக்குகள் பெரிய கலத்தில் வைத்துச் சோதிக்கப்பட்டவை. பெரிய கலம் ஆறுதலாகச் சூடேறும், ஆறுதலாகவே ஆறும். அவ்விரு வேளைகளிலும் உணவின்மேல் வெப்பம் வேலை செய்கின்றது. சிறிய குக்கர் விரைவில் ஆறிவிடுவதால் அப்பங்கு குறைந்துபோகும். ஆகவே, ஏறத்தாழ ஒரு லீற்றர் கொள்ளும் குவாட் போத்தல்கள் நான்கையாவது நிறுத்திவைக்க இடமில்லாத கலத்தை இவ்வேலைக்கு எடுக்கலாகாது. பொத்தானை அழுத்தியதும் தானே சமைக்கும் மின்குக்கர்களையும் அத்திணைக்களம் இதற்கு ஏற்றுக்கொள்வதில்லை.

வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டியது அமுக்கத்தைக் காட்டும் உறுப்பு. ஒருவகைக் கலத்தில் முள் சுழலும் அமுக்கமானி இருக்கும். விலை மலிவு, ஆயின் அம்முள் காலப்போக்கிற் பிசகும். ஆண்டுதோறும் அதனைச் சோதிப்பிக்க வேண்டும்; 2 இறாத்தலுக்கு மேல் பிசகினால் மாற்றிவிட வேண்டும். அமெரிக்காவிற் பல இடங்களில் விவசாய விரிவாக்க அலுவலகங்கள் இச்சோதனையைச் செய்துகொடுக்கின்றன. அவ்வசதி இல்லாத நாட்டில் முள்ளை நம்பியிருப்பது விவேகமன்று. மற்றவகையில் நீராவித் துளையின்மேல் 5, 10, 15 இறாத்தல் எனக் குறித்த நிறை ஒன்று அமரும். அமுக்கம் உரிய அளவை எட்டியதும் அது தானே ஆடிச் சத்தமிட்டு, மேலதிக ஆவியை வெளியேற்றும். நிறை பிசகுவதில்லை, சோதனையும் வேண்டாம்.

அமெரிக்காவிலே இரண்டு பெயர்கள் பரவலாக அறியப்பட்டவை. இரண்டும் விஸ்கொன்சின் மாநிலத்தைச் சேர்ந்தவை. ஓல் அமெரிக்கன் என்னும் கலம் தடித்த வார்ப்பு அலுமினியத்தாலானது. அதில் றப்பர் வளையமே இல்லை. மூடியும் கலமும் உலோகத்தோடு உலோகமாகப் பொருந்த, சுற்றிவரத் திருகாணிகள் இறுக்கிப் பிடிக்கின்றன. தலைமுறை கடந்தும் உழைக்கக்கூடியது. விலையோ பல மடங்கு. பிரெஸ்ரோ என்னும் கலம் மெல்லியது, மலிவானது. 16 குவாட் அளவுடையதே 7 குவாட் போத்தல்களைக் கொள்ளும். 23 குவாட் கலத்தில் சிறிய போத்தல்களை இரண்டு அடுக்காகவும் வைக்கலாம். அதன் றப்பர் வளையத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். சிக்கனம் நாடுவோர்க்கு ஒரு வழி உண்டு: முள்மானி உள்ள மலிவான பிரெஸ்ரோவை வாங்கி, அதனோடு வரும் 15 இறாத்தல் நிறைக்குப் பதிலாக, அதே நிறுவனத்தின் மூன்று துண்டு நிறையைச் சிறு தொகைக்குத் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்வது. அப்போது முள் பிசகினாலும் கவலையில்லை. விலையுயர்ந்த கலத்தின் முக்கிய நன்மை மலிவான கலத்துக்கும் கிடைத்துவிடுகிறது.

பழைய கலம் வாங்குவோர் அடித்தட்டு வளைந்திருக்கிறதா, மூடி ஒழுங்காகப் பூட்டுகிறதா, ஆவித்துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். அதற்குரிய வளையமும் பாதுகாப்பு வால்வும் இன்றும் விற்பனையில் உள்ளனவா என்பதை விலை பேசுமுன்னரே விசாரிக்க வேண்டும். உதிரிப்பாகம் கிடைக்காத கலம் இலவசமாகக் கிடைத்தாலும் மலிவன்று.

உயரமும் கணக்கில் வரும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நிறை 10 இறாத்தல் போதும், முள்மானியாயின் 11. நுவரெலியாவோ 6,000 அடிக்கு மேல் உள்ளது. அங்கே நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். அங்குள்ளவர் நிறையாயின் 15, முள்ளாயின் 14 இறாத்தல் வைக்கவேண்டும். கலத்தில் அகப்பட்ட காற்றும் கணக்கைக் கெடுக்கும். அமுக்கம் சரியாகக் காட்டினாலும் வெப்பம் குறைந்திருக்கும். ஆதலால், நிறையை வைக்குமுன் பத்து நிமிடம் ஆவியைத் தாராளமாக வெளியே போகவிட வேண்டும்.

தோட்டமில்லாத வீட்டுக்கு இக்கலம் வேண்டியதில்லை. ஆண்டுக்கு இருமுறை பயன்படும் பொருளுக்கு ஒரு குடும்பம் தனியே செலவிடுவதும் வீண். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் அலுமினியம் போர்த்தொழிலுக்குப் போய்விட, வீட்டுத் தோட்டங்களில் மரக்கறி மலிந்தும் கலங்கள் கிடைக்கவில்லை. அயலவர் ஒரு கலத்தை முறைவைத்துப் பாவித்தனர். ஊர்களிலே பொதுப் பதன நிலையங்கள் தோன்றின. நான்கு வீட்டார் சேர்ந்து நல்ல கலம் ஒன்றை வாங்கினால் செலவு காற்பங்காகும். அதனை எந்த வீட்டில் வைப்பது, றப்பர் வளையத்துக்கு யார் பொறுப்பு என்பவற்றை மட்டும் வாங்கும் அன்றே பேசி முடித்துக்கொள்வது நல்லது.